ரப்பருக்குக் காட்டிய ஷூ

எங்கள் பி.டி. டீச்சர் விசில் ஊதினால் வானத்தில் போகிற விமானம் இறங்கிவந்து உயரவாரியாக வரிசையில் நிற்கும். அவர் ‘ரெடி’ என்றதும் பூமி சுற்றுவதை நிறுத்திவிட்டுக் குனிந்துகொள்ளும். ‘கோ’ சொன்ன பிறகுதான் மிச்சத்தைச் சுற்றும். நிலாவில் முதலில் யார் கால்வைத்தார்கள் என்று பாடப் புத்தகத்தில் ஏதோ எழுதியிருக்கிறார்கள். அந்த வேலையை டீச்சரிடம் கொடுத்திருந்தால் ஓடிவந்து ஒரே தாண்டில் நிலாவையும் தாண்டி அந்தப் பக்கம் விழுந்திருப்பார். அதனால்தான் கொடுக்கவில்லை. நம்பாதவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டுக்கொள்ளலாம். அவர்கள் நம்புகிறார்கள்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு விளையாட்டுப் பருவம் முழுக்க ஒரு சிட்டிகை மரத்தூளைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்.

மரத்தூள் அவர் கணவருடைய மரக்கடையிலிருந்து வருவது. மரக்கடை என்றால் நாலு பலகையைச் சுவரில் சாத்திவைத்த கடை இல்லை. பின்னால் அறுவை இயந்திரம் ஓடுகிற நீளக் கொட்டகை. அதற்கும் பின்னால் மதில் வரைக்கும் வெறும் தரை. தரையின் கோடியில், அறுத்த தூளையெல்லாம் கொட்டிக் கொட்டி இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடு. மெத்தைக் கடைக்காரர் பார்த்தால் கடையை மூடிவிடுவார், அவ்வளவு மெத்தென்று இருக்கும். அந்த மேட்டில்தான், இயந்திரச் சத்தத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டு, சாயங்காலங்களில் டீச்சர் ஒரு பெண்ணை நீளம் தாண்டவைத்துக்கொண்டிருந்தார்.

பெண் எங்கள் பள்ளி இல்லை. சாலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளி. வருடா வருடம் எங்கள் கோப்பையைப் பிடுங்குவதற்கென்றே செங்கல் வைத்துக் கட்டினார்களோ என்று தோன்றும் பள்ளி.

அவளை எல்லோரும் ரப்பர் என்பார்கள். கீழே விழுந்தால் எழுந்திருக்கமாட்டாள், எகிறுவாள். போன பருவத்தின் ஒரு சின்னப் போட்டியில்தான் டீச்சர் அவளை முதலில் பார்த்தார். ரப்பர் பறவை மாதிரி மேலே போனாள். இறங்கும்போது கீழே போட்ட ஏணி மாதிரி முட்டியை விறைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் இறங்கினாள். டீச்சருக்குத் தன் முட்டியில் சுருக்கென்றது. அவருடைய முட்டி அதே வயதில் அதே மாதிரிதான் போனது. இன்றைக்கும் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு இறங்குவார்.

ரப்பரின் பள்ளியில் பயிற்சி மாஸ்டர் இருந்தார். தொப்பி சார் என்று பெயர். தொப்பி இல்லாத அவர் தலையைப் பார்த்தவர் ஊரில் கிடையாது. ஆனால் அவர் குண்டு எறிகிற ஆள். தாண்டுகிற பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது மொத்தமே இரண்டு வார்த்தை: “வேகமா ஓடு.”

அன்றைக்குப் போட்டி முடிந்ததும் தண்ணீர்க் குழாயடியில் டீச்சர் அந்தப் பெண்ணிடம், “ஏம்மா, ரெண்டு காலையும் சேத்து நீட்டி, மடக்கி விழு. இல்லாட்டி முட்டி போயிடும்” என்று மட்டும் சொன்னார். அவ்வளவோடு நின்றிருக்கலாம்.

“எப்படி மடக்கறது?” என்று அந்தப் பெண் கேட்டுவிட்டாள்.

இப்படித்தான் ஆரம்பித்தது.

எங்கள் பள்ளியில் இதற்கு ஒரு சட்டம் இருந்தது. வேறு பள்ளிப் பிள்ளைக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தால் வேலை போய்விடும். சட்டம் சுவரில் ஒட்டியிருக்கவில்லை. விளையாட்டு அறையின் ஆணியில் தொங்கியது. டீச்சருக்கு முன்னால் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்த மாஸ்டர், பக்கத்துப் பள்ளிப் பையன் ஒருத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் பழக்கினார். ஒரு திங்கட்கிழமை அவருடைய வண்டி நிறுத்துகிற இடம் காலியாக இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் விசில் மட்டும் பந்து வலைகளுக்குப் பக்கத்து ஆணியில் அப்படியே தொங்கியது. அதை யாரும் எடுத்துவைக்கவும் இல்லை, எறியவும் இல்லை. டீச்சர் ஒவ்வொரு நாள் காலையும் அதைக் கடந்துதான் ஈட்டியும் வட்டும் எடுக்கவேண்டும்.

டீச்சர் தற்காலிகம். அந்த வருடம்தான் வேலையை நிரந்தரமாக்குவதாகப் பெரிய மேடம் சொல்லியிருந்தார். பெரிய மேடம் என்பது தலைமையாசிரியை. அவர் சத்தம் போடமாட்டார். கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். ரொம்பக் கோபம் வந்தால் உதடு மட்டும் அசையும். எதிரில் நிற்கிறவர்கள் பயத்தில் மிச்சத்தைத் தாங்களே கேட்டுக்கொள்வார்கள்.

மரக்கடையில் டீச்சர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். யாராவது வந்தால் ரப்பர் அவரை டீச்சர் என்று கூப்பிடக் கூடாது. அத்தை. மரக்கடைக்காரரை மாமா. அண்ணன் மகள் லீவுக்கு வந்திருக்கிறாள், பொழுது போகாமல் தூளில் குதிக்கிறாள், அவ்வளவுதான்.

“உனக்கு அண்ணனே இல்லையே” என்றார் மரக்கடைக்காரர்.

“அது யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும். கல்யாணத்துல பொண்ணு வீட்டு சைடுல ஆளே இல்லாம ஃபோட்டோல ஒரு பக்கம் காலியா இருக்கு.”

“நீங்க கொஞ்சம் மிஷின ஓட்டுங்க.”

மரக்கடைக்காரர் மிஷினை ஓட்டுவார். அறுக்க மரம் இல்லாத நாளிலும் சும்மாவாவது ஓட்டுவார். அவர் டீச்சரைக் கிண்டல் செய்வதை நிறுத்தியதில்லை, மிஷினையும் நிறுத்தியதில்லை.

மிதித்து எழும்புகிற பலகை வரைக்கும் ஓடிவரும் தூரத்தை அளக்க டேப் வேண்டும். டேப் பள்ளி அலமாரியில் இருந்தது. சாயங்காலம் கேட்டால் எதற்கு என்பார்கள். அதனால் டீச்சர் தன் ஷூவாலேயே குதிகாலும் நுனியும் ஒட்ட ஒட்ட அடிவைத்து அளந்து, வாய்விட்டு எண்ணி, முடிகிற இடத்தில் ஒரு மரச் சில்லை வைப்பார். ரப்பர் அந்த எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் டீச்சருக்குப் பயம் கிடையாது. அந்த ஒரு மணி நேரம் அவர் பழைய டீச்சர். “பலகையப் பாக்காத, பலகை எங்கயும் ஓடிடாது. மேல பாரு. மேல... அடியே, மேலன்னா என் மூஞ்சி இல்ல.” ரப்பர் ஏணி மாதிரி விழுவதை விட்டு, மெல்ல மெல்ல, உட்காரப்போகிற கொக்கு மாதிரி விழ ஆரம்பித்தாள். முதல் தடவை சரியாக விழுந்த அன்றைக்கு டீச்சர் திரும்பி நின்று ஷூ லேஸைக் கட்டினார். ஏற்கெனவே கட்டியிருந்த லேஸ் அது.

அப்புறம் ரப்பர் போய்விடுவாள். மிஷின் நிற்கும். பயம் வந்து பக்கத்தில் உட்காரும்.

மரத்தூள் லேசில் போகாது. உதறினால் முடிக்குள் போகும், முடியை உதறினால் காலருக்குள் போகும். டீச்சர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே வாசலில் சாக்ஸைக் கழற்றிப் புறம் திருப்பி உதறுவார். காலையில் பள்ளி வாசலில் நின்று மறுபடியும் உதறுவார். பிரேயரில் நிற்கும்போது விரலிடுக்கைப் பார்ப்பார். ஒருநாள் ஆசிரியர் அறையில் கெமிஸ்ட்ரி மேடம் அவர் தோளிலிருந்து ஏதோ ஒன்றை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என்ன டீச்சர் இது, தலைல பொடுகா?”

“ஆமா” என்றார் டீச்சர்.

“மஞ்சளா இருக்கே.”

“முத்திப்போன பொடுகு.”

கெமிஸ்ட்ரி மேடம் அன்றிலிருந்து நாற்காலியைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்தார். டீச்சருக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த நிம்மதி வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டம் வரைக்கும் தாங்கியது. பெரிய மேடம் தேர்வு, கழிப்பறை, தாமதமாக வருகிறவர்கள் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, எழுந்திருக்கப்போகிற மாதிரி மேசையில் கைவைத்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

“நம்மள்ல ஒருத்தர் வெளிய யாருக்கோ சொல்லித் தர்றதா ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு.” குரல் ரொம்பக் கீழே இருந்தது. மின்விசிறிச் சத்தத்தை விலக்கிக்கொண்டு கேட்கவேண்டியிருந்தது. “பொய்யா இருக்கும்னு நெனைக்கறேன். பொய்யா இருந்தா நல்லது.”

எல்லோரும் குனிந்து தங்கள் காலைப் பார்த்தார்கள். டீச்சரும் பார்த்தார். அவர் வலது ஷூவின் லேஸ் முடிச்சுக்குள், சாமந்திப்பூத் துணுக்கு மாதிரி, ஒரு சுருள் மரச்சீவல் உட்கார்ந்திருந்தது. அவர் இடது ஷூவைத் தூக்கி வலது ஷூவின்மேல் வைத்துக்கொண்டார். கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தார். காலை எடுத்தால் மேசைக்கு அடியிலிருந்து அது கூவிவிடும்போல இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் ரப்பரை அனுப்பிவிடவேண்டும் என்றுதான் மரக்கடைக்குப் போனார். இனிமேல் வராதே என்று சொல்லும் வார்த்தைகளை நடந்துவரும்போதே அடுக்கிவைத்திருந்தார். ரப்பர் அதற்குள் முந்தின நாள் டீச்சர் அளந்த இடத்திலேயே மரச்சில்லை வைத்துவிட்டு, வாயில் பென்சிலைக் கடித்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தாள்.

“டீச்சர், நேத்து கனவுல தாண்டினேன். எறங்கவே இல்ல.”

“கனவுல எறங்காட்டி பரவால்ல. இங்க எறங்கு” என்றார் டீச்சர். அடுக்கிவைத்த வார்த்தை எல்லாம் சரிந்துவிட்டது.

ரப்பர் மூன்றாவது தடவை தாண்டித் தூளில் விழுந்த நேரம், கொட்டகையின் முன்பக்கம் ஒரு வண்டி வந்து நின்றது. மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது: “அண்ணே, ஒரு கதவுக்குப் பலகை வேணும்.”

டீச்சருக்குத் தெரிந்த குரல். மைதானங்களில் ‘வேகமா ஓடு’ என்று கேட்ட குரல். தொப்பி சார்.

டீச்சர் ரப்பரைத் தோளோடு பிடித்து இழுத்துக்கொண்டு, அடுக்கியிருந்த நீளப் பலகைகளுக்குப் பின்னால் போய் ஒடுங்கினார். ரப்பரின் முடி முழுக்கத் தூள். அவளுக்குத் தும்மல் வரப் பார்த்தது. டீச்சர் அவள் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். பலகை இடுக்கு வழியே ஒரு துண்டுத் தொப்பியும் அரைக் கண்ணாடியும் தெரிந்தன.  ஆணியில் தொங்கும் விசில் நினைவுக்கு வந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆணிக்கு இடம் இருந்தது.

மரக்கடைக்காரர் மிஷினை நிறுத்தினார். நிறுத்தியிருக்கக் கூடாது. அமைதியில் எல்லாம் கேட்டது.

“பாத்ரூம் கதவுங்களா?”

“ஆமாண்ணே. தண்ணி பட்டு இத்துப்போச்சு.” தொப்பி சார் நடந்து பின்பக்கமே வந்துவிட்டார். தூள் மேட்டுக்கு முன்னால் நின்றார். மேட்டில் புதுசாக ஒரு பள்ளம், ஆள் உட்கார்ந்து சறுக்கிய அச்சு அப்படியே இருந்தது. “இது என்னண்ணே, மாடு ஏதும் படுத்துச்சா?”

“என் பொண்டாட்டிங்க.”

“என்னது?”

“முதுகு வலி. டாக்டர் தூள்ல உருளச் சொல்லியிருக்காரு. தெனம் சாயங்காலம் உருளுவா.”

தொப்பி சார் பள்ளத்தையே பார்த்தார். பிறகு பார்வையை அதிலிருந்து பின்னோக்கி, தரையில் வரிசையாகப் பதிந்திருந்த கால் தடங்கள் வழியாக, மரச்சில்லு வரைக்கும் கொண்டுபோனார்.

“ஓடிவந்து உருளுவாங்களா?”

“வலி ஜாஸ்தியா இருந்தா ஓடிவருவா.”

“நல்ல டாக்டர்தான்” என்றார் தொப்பி சார். பலகைக்கு அளவு சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகுதான் டீச்சர் ரப்பரின் மூக்கை விட்டார். ரப்பர் தும்மினாள். டீச்சர் பலகையின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“என்னய மாடுன்னு சொல்றான், நீங்க பொண்டாட்டின்னு சொல்றீங்க.”

“உண்மையத்தான சொன்னேன். பாதி.”

“அவருக்குத் தெரிஞ்சுபோச்சு.”

 வேறு நாளாக இருந்தால் மரக்கடைக்காரரிடமிருந்து ஏதாவது கிண்டல் வந்திருக்கும். அவர் போய் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காலரிலிருந்து ஒவ்வொரு துகளாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு பெரிய போட்டிக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அந்த நாட்களில் டீச்சருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பியூன் மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்தாலே தன்னைக் கூப்பிடத்தான் என்று தோன்றும். அவர் தண்ணீர்க் குடத்துக்கோ மணி அடிக்கவோ போய்க்கொண்டிருப்பார். டீச்சர் அவர் தன்னைத் தாண்டிப் போகும்வரை விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு ஊதாமல் நிற்பார். தொப்பி சார் இன்றைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார் என்று காத்திருந்தார். அவர் சொல்லவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. ஓங்கிய கை இறங்காமல் அப்படியே தலைக்குமேல் நிற்கிற மாதிரி.

போட்டி நடந்தது பெரிய விளையாட்டு அரங்கத்தில். நீளம் தாண்டும் மணல் குழியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். பயிற்சியாளர்கள் கயிற்றுக்கு வெளியில். எங்கள் பள்ளியில் தாண்டியது கேப்டன். டீச்சர் ஆறாம் வகுப்பிலிருந்து பழக்கிய பெண். முதலிரண்டு இடம் பெறுகிறவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். கேப்டன் இரண்டு தாண்டிலேயே எல்லோரையும் தாண்டி முதலில் நின்றுவிட்டாள். இப்படியே முடிந்தால் கோப்பையும் எங்களுக்குத்தான். பெரிய மேடம் அன்றைக்கென்று வந்து மேல்வரிசையில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் வட்டு எறிகிறவர்களைக் கவனித்துவிட்டுக் குழிப்பக்கம் வரும்போது ரப்பர் இரண்டு தாண்டு முடித்திருந்தாள். இரண்டுக்கும் சிவப்புக் கொடி. பலகையைத் தாண்டி மிதித்த ஃபவுல். இன்னும் ஒரே ஒரு தாண்டு.

டீச்சர் பார்க்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பார்த்தார். ரப்பர் தொடக்கக் குறியை மறுபடி சரிபார்க்க, மற்றவர்களெல்லாம் டேப் போட்டு அளந்துகொண்டிருக்கும்போது, தன் காலால் குதிகால் ஒட்ட ஒட்ட அடிவைத்து எண்ணிக்கொண்டு வந்தாள். உதடு அசைந்தது. எண் சரி. டீச்சர் வாயும் கூடவே எண்ணியது.

அப்போதுதான் அவருக்கு உச்சந்தலையில் யாரோ ஐஸ் தண்ணீர் ஊற்றியது போல் இருந்தது.

எண் சரி. கால் தப்பு. இத்தனை நாளும் அளந்தது டீச்சருடைய ஷூ. டீச்சர் போடுவது ஆண்கள் அளவு. அதைப்பற்றிப் பேசிய பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி ஓடியிருக்கிறார்கள். ரப்பருடைய கால் சின்னது. அடிக்கு ஒரு விரல் குறைந்து குறைந்து, மொத்தத்தில் ஒரு முழு எட்டுக் காணாமல் போயிருந்தது. அதுதான் பலகையைத் தாண்டி மிதிக்கிறாள். ஒருநாள்கூட அவளையே அளக்கவிடவில்லையே என்று டீச்சர் நினைத்தார். எந்தப் பயிற்சியாளராவது இப்படிச் செய்வாரா? டேப் இல்லாமல் ஒளிந்து சொல்லிக்கொடுக்கிறவர்தான் செய்வார்.

ரப்பர் குழப்பத்தோடு நிமிர்ந்தாள். தன் பள்ளிக்காரர்கள் நின்ற பக்கம் அவள் பார்க்கவே இல்லை. கண் கூட்டத்தைத் துழாவி, எங்கள் பள்ளி உடுப்புகளுக்கு நடுவில் டீச்சரைக் கண்டுபிடித்து அங்கேயே நின்றது. உதடு பிரிந்தது. சத்தம் வரவில்லை. ஆனால் என்ன வார்த்தை என்று டீச்சருக்குத் தெரிந்தது.

அத்தை.

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய பக்கம் மேல்வரிசை. குடைக்குக் கீழே பெரிய மேடம் நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அல்லது டீச்சருக்கு அப்படித் தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த இடத்தில் அவருடைய ஷூ இருந்தது.

ஒலிபெருக்கி ரப்பரின் எண்ணைக் கூப்பிட்டது.

டீச்சர் குனிந்து ஒரு ஷூவைக் கழற்றினார். லேஸ் முடிச்சு அவிழவில்லை, இழுத்துப் பிய்த்தார். ஷூவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். அடிப்பாகத்தை இன்னொரு கையால் ஓங்கித் தட்டினார். பிறகு அதே ஷூவால், பின்னால், பின்னால், என்று காற்றில் தள்ளிக் காட்டினார்.

ரப்பர் அந்த ஷூவைப் பார்த்தாள். குனிந்து தன் ஷூவைப் பார்த்தாள். மறுபடி அதைப் பார்த்தாள். முகம் தெளிந்தது. திரும்பி ஓடிப்போய்க் குறியை எடுத்து ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள்.

வெள்ளைக் கொடி ஏறியது. கொக்கு மாதிரி இறங்கியிருந்தாள். டேப்பைப் போட்டுப் பார்த்தபோது கேப்டனைவிட ஒரு கை நீளம் கூட.

டீச்சர் அதைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஏனென்றால் அவருக்கும் குழிக்கும் நடுவில் நடுவர்கள் மேசை இருந்தது. தலைமை நடுவர் எழுந்து அவரை நோக்கி வந்துகொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது.

“ஏன் டீச்சர், நானும் பாத்துட்டே இருக்கேன். யாருக்கு ஷூ காட்டுறீங்க? எனக்கா?”

டீச்சர் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார்.  நடுவருக்கு இல்லை என்றால் யாருக்கு என்று சொல்லவேண்டும். அந்தப் பெண்ணுக்கு என்றால் ஆணியில் விசில். நடுவருக்கு என்றால் நாளைக்கே எந்த மைதானத்திலும் கால்வைக்க முடியாது.  மேலே குடை மடங்குவது கண்ணோரத்தில் தெரிந்தது. பெரிய மேடம் இறங்கிவருகிறார்.

“எனக்குத்தான் காட்டுனாங்க” என்றது ஒரு குரல்.

தொப்பி சார் கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாக வந்தார். “காலைல அவங்க முதுகு வலியப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டேன். தப்புதான். அந்தக் கோவம்.” சொல்லிவிட்டு டீச்சரைப் பார்த்தார். “என்னங்க, கோவம் தீந்துச்சா, இல்ல இன்னொரு ஷூவும் இருக்கா?”

கூட்டம் சிரித்தது. நடுவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “ரெண்டு பேரும் ஸ்கூல் வாத்தியாருங்க, வெக்கமா இல்ல?” என்று சொல்லிக்கொண்டே மேசைக்குத் திரும்பிப் போனார்.

கேப்டன் ஜெர்சியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டாம் இடம், அடுத்த கட்டத்துக்கு அவளும் போகிறாள். ஆனால் கோப்பை போய்விட்டது. டீச்சர் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தார்.

“டீச்சர்” என்றாள் கேப்டன் அடிக்குரலில். “அடுத்த வருஷம் அந்தத் தூள் மேட்டுல எனக்கும் எடம் தருவீங்களா?”

“உனக்கு எப்படி...”

“தூளத் தலைல வச்சுட்டே வந்து எங்களுக்கு டிரில் எடுப்பீங்க. எங்களுக்குக் கண்ணு இல்லையா?”

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருத்தரும் சொல்லவில்லை. டீச்சர் ஷூவைப் போடுகிற சாக்கில் ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்.

தண்ணீர்க் குழாயடியில் தொப்பி சார் முகம் கழுவிக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றவில்லை, அதைச் சுற்றிக் கழுவினார்.

“ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?”

“நான் குண்டுக்காரன். தாண்டறவங்களப் பாத்தா எனக்குப் பயம். எம் புள்ளைக்குத் திடீர்னு முட்டிய மடக்கி விழத் தெரியுது. நான் சொல்லித் தரல. அப்புறம் தூள்ல உருளற டாக்டர் வைத்தியம் வேற.” அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நான் வாயத் தெறந்தா நீங்களும் தெறப்பீங்கல்ல.”

“நான் எதுக்கு?”

“உங்க ஸ்கூல் ஆள் ஒண்ணு என்கிட்ட வருது. குண்டுக்கு. நாய் கொலைச்சாக்கூட உங்க பெரிய மேடம்தான்னு எழுந்து உக்காந்துக்கறேன். தூக்கம் போயி மாசமாச்சு.” அவர் விரலிடுக்கைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதை டீச்சர் அப்போதுதான் கவனித்தார். தன் விரல்களைப் பார்க்கிற மாதிரியே இருந்தது. “யாருன்னு கேக்காதீங்க. நல்ல கை. வீணாப்போகக் கூடாது.”

“கேக்கல” என்றார் டீச்சர்.

திங்கட்கிழமை பியூன் மைதானத்தைக் கடந்து வந்தார். இந்தத் தடவை தண்ணீர்க் குடத்துக்கு இல்லை.

பெரிய மேடம் அறையில் உட்காரச் சொல்லவில்லை. டீச்சருடைய கோப்பு மேசையில் திறந்து கிடந்தது. “பொது எடத்துல ஒரு ஆம்பளைக்கு ஷூவக் காட்டியிருக்கீங்க.” குரல் கீழே, ரொம்பக் கீழே. டீச்சர் முன்னால் சாயவேண்டியிருந்தது.

“தப்புதான் மேடம்.”

“முதுகு வலின்னா லீவு கேக்கலாம்.” பேனா மூடியைக் கழற்றினார். எழுதாமல் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை டீச்சரின் தலைமுடியில் ஆரம்பித்துக் காலர் வழியாக இறங்கி ஷூ லேஸில் போய் நின்றது. டீச்சர் மூச்சை உள்ளேயே வைத்துக்கொண்டார். காலையில் வாசலில் உதறினாரா? உதறினார். நன்றாக உதறினாரா?

பெரிய மேடம் கையெழுத்துப் போட்டார். “நிரந்தரம் பண்ணியாச்சு. இனிமே உங்கமேல என் கண்ணும் நிரந்தரமா இருக்கும்.”

வெளியே வந்து டீச்சர் விளையாட்டு அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, பந்து வலைகளின்மேல் உட்கார்ந்து, மூச்சை வெளியே விட்டார். வேலை தங்கிவிட்டது. பயமும் தங்கிவிட்டது, அதுவும் நிரந்தரம்தான்.

கேக்கல என்று தொப்பி சாரிடம் சொன்னாரே தவிர, பார்க்கமாட்டேன் என்று சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே குண்டு எறிகிறவர்களை எல்லாம் வட்டத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொருத்தராக எறியச் சொன்னார். குண்டு எங்கே விழுகிறது என்று அவர் பார்க்கவே இல்லை. குனிந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு காலும் அவர் பழக்கிய கால். ஒவ்வொரு தப்பும் அவர் திட்டித் திட்டி ஓய்ந்த தப்பு.

கடைசியாக நின்றது இதை எழுதுகிற ஆள். மற்றவர்களை எறியவிட்டுப் பின்னால் நின்றபோதே ஒரு யோசனை தயாராகியிருந்தது: முடிந்தவரை கேவலமாக எறிந்துவிட்டால் யார் சந்தேகப்படுவார்கள்? வட்டத்துக்குள் போய், குண்டைத் தாடைக்கடியில் கோணலாகப் பிடித்து, வழுக்கிவிட்டது போல் ஒரு முனகலும் சேர்த்து, தன் கால் விரலுக்குக் கொஞ்சம் முன்னால் அதைத் தொப்பென்று போட்டாயிற்று. காலைக் கோணலாக்கத்தான் மறந்துபோயிற்று, அது தொப்பி சார் பழக்கிய மாதிரியே நின்றது. பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

டீச்சர் சிரிக்கவில்லை. வந்து குண்டை எடுத்து, பாவாடையில் துடைக்கிற மாதிரி தன் ட்ராக் பேண்ட்டில் மண்ணைத் துடைத்தார். திருப்பிக் கொடுக்கும்போது, மழை வருமா என்று கேட்கிற குரலில், வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

“புதன்கிழமையா?”

“இல்ல டீச்சர், வியாழன்” என்றது வாய்.